பாலூட்டும் காலத்தில் மருந்து, உணவு, சத்து மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் கொடுக்கும் தாய் ஒரு மாத்திரையைக் கையில் எடுத்தாலே, "இதைச் சாப்பிட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பயந்துபோய்ச் சிலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள், சிலர் பாலை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லாத இழப்பு. உண்மையிலேயே தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய மருந்துகள் கொஞ்சம்தான். அவை எவை, மற்றவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, அதற்கு ஏதாவது நோய் இருந்தாலோ கட்டாயம் பேசுங்கள்.

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலிக்கு மாத்திரை போடலாமா?

போடலாம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் பாலூட்டும் தாய்க்கு முதலில் தரப்படும் மருந்துகள். ஐபுப்ரோஃபென் பாலில் எவ்வளவு வருகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தாய் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 400 மி.கி. எடுத்தபோதும், ஒரு நாள் பாலில் 1 மி.கி. கூட வரவில்லை. குழந்தைக்கே காய்ச்சல் வந்தால் மருத்துவர் கொடுக்கும் ஒரு வேளை அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 10 மி.கி. என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆஸ்பிரினை மட்டும் வலிக்காக எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரினோடு தொடர்புள்ள ரை நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான பாதிப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவர் 75 அல்லது 100 மி.கி. என்று சிறிய அளவில் கொடுத்திருந்தால் அது வேறு, அதைத் தொடரலாம்.

நான் சாப்பிடும் மருந்து பாலுக்குள் எப்படிப் போகிறது?

மருந்து முதலில் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போக வேண்டும். ரத்தத்திலிருந்துதான் பாலுக்கு வர முடியும். வழியில் பல தடைகள் இருக்கின்றன. ரத்தத்திலுள்ள புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மருந்து எளிதில் வெளியே வராது. மூலக்கூறு பெரிதாக இருந்தால் நுழையவே முடியாது, இன்சுலினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் அப்படி. கொழுப்பில் கரைந்து மூளை வரைக்கும் போகும் மருந்துகள் பாலுக்குள்ளும் சற்று எளிதாக வந்துவிடும். அப்படி வந்தாலும், குழந்தையின் குடல் அதை உறிஞ்சினால்தான் உடம்பில் சேரும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒருவழிப் பாதை இல்லை. தாயின் ரத்தத்தில் மருந்தின் அளவு குறையக் குறைய, பாலில் இருப்பதும் ரத்தத்துக்கே திரும்பிப் போகும். அதனால் பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும் என்று நினைப்பது சரியல்ல. மார்பு கட்டிக்கொள்ளாமல் இருக்கவும், சுரப்பு குறையாமல் இருக்கவும் மட்டும்தான் அது உதவும்.

எவ்வளவு போகிறது என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தை ஒரு நாளில் எடையில் கிலோவுக்குச் சுமார் 150 மி.லி. பால் குடிக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதில் வரும் மருந்தை அம்மாவின் எடைக்கு அவர் எடுக்கும் அளவோடு ஒப்பிடுவார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். பெரும்பாலான மருந்துகள் இதற்குக் கீழேதான் இருக்கின்றன. புற்றுநோய் மருந்து போல இயல்பிலேயே நச்சுத்தன்மை உள்ளவற்றுக்கு இந்தக் கணக்குச் செல்லாது.

குழந்தையின் வயதும் முக்கியம். பிறந்த குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். தாய்ப்பால் வழியாக மருந்தால் பாதிப்பு வந்ததாகப் பதிவானவை பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். திட உணவு சாப்பிட்டுக்கொண்டு நாளைக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பால் குடிக்கும் ஒரு வயதுப் பிள்ளையின் நிலைமை முற்றிலும் வேறு.

மருந்துப் பெட்டியில் "பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்" என்று போட்டிருக்கிறதே?

அந்த வரிக்குப் பல சமயம் "நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை" என்பதுதான் பொருள். பாலூட்டும் தாய்மார்களை வைத்துப் பெரிய மருந்து ஆய்வுகள் நடப்பது குறைவு. தகவல் இல்லாதபோது நிறுவனம் பாதுகாப்பாக அப்படி அச்சிட்டுவிடும்.

கர்ப்பத்துக்கான எச்சரிக்கையையும் பாலூட்டலுக்கான எச்சரிக்கையையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல், ஆனால் பாலில் அது கிட்டத்தட்ட வருவதே இல்லை. ரத்த அழுத்த மருந்தான எனலாப்ரில் கர்ப்ப காலத்தில் கூடாது, பாலூட்டும்போது எடுக்கலாம். ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துகளால் மருந்தைத் தரம் பிரித்ததும் கர்ப்பத்துக்காகத்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 முதல் புதிய மருந்துகளில் அந்த எழுத்து முறையைக் கைவிட்டு, பாலூட்டல் பற்றித் தனிப் பகுதியாக விளக்கமாக எழுதச் சொல்லிவிட்டது.

உங்கள் மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2006-இல் தொடங்கிய லாக்ட்மெட் என்ற இலவசத் தரவுத்தளத்தைப் பார்க்கச் சொல்லலாம். ஸ்பெயினிலிருந்து நடத்தப்படும் ஈ-லாக்டன்சியாவும் நல்லது. இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போது பால் கொடுக்கலாமா?

அமாக்சிசிலின், செஃபலெக்சின், அசித்ரோமைசின் போன்று வழக்கமாகத் தரப்படுபவை எல்லாவற்றிலும் கொடுக்கலாம். குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகிப் போகலாம், வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். கவனித்துக்கொண்டால் போதும். மெட்ரோனிடசோல் எடுத்தால் பால் லேசாகக் கசக்கலாம். டாக்சிசைக்ளினைச் சில வாரங்களுக்கு எடுப்பதில் பிரச்சினை இல்லை. நைட்ரோஃபுரான்டாயினை, குழந்தைக்கு ஒரு மாதம் ஆகவில்லை என்றாலோ ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பிறவிக் குறை) இருந்தாலோ தவிர்ப்பார்கள். குளோராம்ஃபெனிகால் மாத்திரையும் ஊசியும் வேண்டாம்.

மார்பில் அழற்சி வந்து ஆன்டிபயாடிக் எடுக்கும்போது பாலை நிறுத்தினால் வலியும் வீக்கமும் கூடும், சீழ்க்கட்டியாகவும் ஆகலாம். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

சளி, மூக்கடைப்புக்கு?

சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையைத் தவிர்க்கவும். அது குழந்தையைப் பாதிப்பதை விடப் பாலைப் பாதிக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 மி.கி. ஒரே ஒரு வேளை எடுத்ததற்கே அன்றைய பால் சுமார் 24 சதவீதம் குறைந்தது. மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு, ஆவி பிடிப்பது போதும். அலர்ஜிக்கு செட்ரிசின், லோராடடின் நல்லவை. தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் குழந்தையையும் மந்தமாக்கலாம்.

கூட்டு மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பின்பக்கம் படியுங்கள். தேவையான ஒரு மருந்துக்காகத் தேவையில்லாத மூன்றையும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, பலமான வலி மாத்திரை?

மயக்கம் தெளிந்து, பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு நிதானம் வந்ததும் பால் கொடுக்கலாம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது பழைய பழக்கம். பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

கோடீன், டிராமடால் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன், வேண்டாம். கோடீனை ஈரல் மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. அப்போது பாலில் மார்ஃபின் கூடி, குழந்தையின் மூச்சு மந்தப்படலாம். 2017-இல் எஃப்டிஏ இந்த இரண்டையும் பாலூட்டும் தாய்மார்கள் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். பிள்ளைக்காக நிறுத்திவிடட்டுமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு தாயின் உயிரையே எடுக்கக்கூடியது. அம்மா உறங்காமல், சாப்பிடாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பதும் குழந்தையைப் பாதிக்கும். அதோடு ஒப்பிட்டால் பாலில் வரும் மருந்து மிகச் சிறியது. செர்ட்ராலின் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் பல சமயம் மருந்து கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூட இருப்பதில்லை. பாராக்சிடினும் அப்படித்தான். ஃபுளுவாக்ஸடின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும், அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதை முதலில் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் கர்ப்ப காலத்திலேயே அதில் குணம் தெரிந்த ஒருவருக்கு இப்போது மருந்தை மாற்றுவது நல்லதா என்பதை மருத்துவர்தான் எடைபோட வேண்டும்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரப்படும் லித்தியம் பாலில் கணிசமாக வரும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் குழந்தையின் ரத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும்.

மனசு சரியில்லை, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பாலூட்டுவது சிகிச்சைக்குத் தடையே இல்லை.

தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மருந்துகள்?

தைராக்சின், இன்சுலின், மெட்ஃபார்மின் மூன்றையும் தொடரலாம். ரத்த அழுத்தத்துக்கு லபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் நல்லவை. அட்டெனலால் பாலில் அதிகம் வரும், சிறு குழந்தை இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வலிப்பு மருந்தை ஒருபோதும் திடீரென்று விடக் கூடாது. லமோட்ரிஜின் போன்ற சிலவற்றில் குழந்தைக்கு மந்தம், தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பால் கொடுப்பார்கள்.

கருத்தடை மாத்திரை?

ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் கலந்தது பாலைக் குறைக்கலாம். பிரசவமான ஆறு வாரம் வரை அது கூடவே கூடாது, ஆறு மாதம் வரை பொதுவாக வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புரோஜஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை எல்லாம் சரி.

அப்படியானால் எப்போதுதான் பாலை நிறுத்த வேண்டும்?

புற்றுநோய்க்கான கீமோதெரபியின்போது. தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின்-131 கொடுக்கும்போது அந்தக் குழந்தைக்குப் பாலை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும், அதுவும் சில வாரங்கள் முன்பே. பால் சுரக்கும் மார்பு அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், முன்கூட்டியே நிறுத்துவது தாய்க்கும் பாதுகாப்பு. இதயத் துடிப்புக்கான அமியோடரோன், முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாய்ன், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் இவையும் கூடாது. கஞ்சா, கொக்கைன், ஹெராயின் போன்ற போதைப் பொருள்கள் அறவே கூடாது. கஞ்சாவின் வேதிப்பொருள் கொழுப்பில் படிந்து நாள்கணக்கில் பாலில் வந்துகொண்டிருக்கும்.

சிடி, எம்ஆர்ஐ எடுக்கும்போது ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் பாலில் வரும், அதிலும் 1 சதவீதத்துக்கும் குறைவைத்தான் குழந்தையின் குடல் உறிஞ்சும். நிறுத்தத் தேவையில்லை.

தடுப்பூசி?

பெரியம்மைத் தடுப்பூசி கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, குழந்தை சிறியதாக இருந்தால் முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். 2009-இல் பிரேசிலில் ஒரு பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பால் வழியாக அந்த ஊசியின் வைரஸ் போய் மூளை அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. வழக்கமாகப் போடும் மற்ற ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

என்ன சாப்பிடக் கூடாது? வாயு உள்ளது, காரமானது சாப்பிட்டால் பிள்ளைக்கு வயிறு வலிக்குமா?

பாலூட்டும் தாய்க்கென்று பொதுவான தடைப் பட்டியல் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இல்லாத பத்தியத்தால் இளைத்துப்போகும் தாய்மார்கள் நிறைய. நார்ச்சத்தை உங்கள் குடலிலுள்ள பாக்டீரியா சிதைப்பதால் உண்டாவதுதான் வாயு. அந்த வாயு பாலுக்குள் போகாது. உணவின் மணம் மட்டும் பாலில் வரும். 1991-இல் அமெரிக்காவில் மெனெல்லா, போச்சாம்ப் என்ற ஆய்வாளர்கள் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு வாசனை ஏறியது, குழந்தைகள் மார்பில் இருந்த நேரம் குறையாமல் கூடியது. அம்மா பலவிதமாகச் சாப்பிட்டால் பிள்ளைக்குப் பல சுவைகள் பழகும்.

கர்ப்ப காலத்தில் லிஸ்டீரியா கிருமிக்குப் பயந்து விலக்கிவைத்த மென்மையான சீஸ் போன்றவற்றை இப்போது சாப்பிடலாம். தேனையும் நீங்கள் சாப்பிடலாம், ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வாயிலோ உங்கள் காம்பிலோ தடவக் கூடாது. அதிலிருந்து குழந்தைக்கு பாட்யூலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கிருமி நச்சுப் பாதிப்பு வரலாம். அலர்ஜி வரும் என்று பயந்து வேர்க்கடலையையும் முட்டையையும் முன்கூட்டியே ஒதுக்குவதில் பலன் இல்லை.

பிள்ளையின் மலத்தில் ரத்தம் கோடாகத் தெரிகிறது.

மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் பசும்பால் புரதத்துக்கு ஒவ்வாமையாக இருந்தால், நீங்கள் பால் பொருள்களை இரண்டு முதல் நான்கு வாரம் முழுவதும் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அப்புறம் மறுபடி சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டால், தேவையில்லாமல் மாதக்கணக்கில் கால்சியம் இல்லாமல் இருப்பீர்கள். இதில் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸுக்குப் பங்கில்லை. நீங்கள் பசும்பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாய்ப்பாலில் லாக்டோஸ் இருக்கும்.

காபி, டீ?

நாளைக்கு 200 மி.கி. காஃபீன் வரை பாதுகாப்பு என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு. சாதாரணமாக இரண்டு கப் காபி. பெரியவர் உடம்பில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், பிறந்த குழந்தையின் உடம்பில் பாதியாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதனால் முதல் சில வாரம் இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. குளிர்பானம், எனர்ஜி டிரிங்க், சில தலைவலி மாத்திரை இவற்றிலும் காஃபீன் உண்டு.

மீன்?

சாப்பிடுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான டிஹெச்ஏ கொழுப்பு மீனில் கிடைக்கிறது. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை போதும். சுறா, வாள்மீன் போன்று பெரிய, நெடுநாள் வாழும் வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவை வேண்டாம். மத்தி போன்ற சிறிய மீன் நல்லது.

மது, புகை?

ரத்தத்தில் இருக்கும் அளவு ஆல்கஹால் அப்படியே பாலிலும் இருக்கும். குடிக்காமல் இருப்பதே நல்லது. குடித்துவிட்டால், ஒரு சிறிய அளவுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக் காத்திருந்து கொடுங்கள். பீய்ச்சிக் கொட்டினாலும் நேரம் குறையாது. குடித்தவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் தூங்கவே கூடாது, இதில் உயிர் ஆபத்து உண்டு.

புகைப்பதை விட முடியவில்லை என்றாலும் தாய்ப்பாலை விடாதீர்கள். புகைக்கும் தாயின் குழந்தைக்குத் தாய்ப்பாலின் பாதுகாப்பு இன்னும் அதிகம் தேவை. பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் மட்டும் யாரும் புகைக்க வேண்டாம்.

எந்தச் சத்து மாத்திரை தேவை?

தாய்ப்பாலில் குறைவாக இருப்பது வைட்டமின் டி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008 முதல், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாளிலிருந்தே தினமும் 400 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறது. தாயே தினமும் 6,400 ஐயூ எடுத்தால் பால் வழியாகவே குழந்தைக்குப் போதுமான அளவு கிடைக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு பெரிய அளவை மருத்துவர் சொல்லாமல் எடுக்காதீர்கள்.

பால், முட்டை உட்பட விலங்குணவே சாப்பிடாதவர் என்றால் பி12 கட்டாயம். உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். பிள்ளைக்கோ சில மாதத்தில் உடம்பு துவண்டு, சிரிப்பு மறைந்து, கற்ற அசைவுகளே மறக்கத் தொடங்கும். தாமதமானால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். நான் எழுதும் எல்லாவற்றிலும் இதைத்தான் யாரும் தவறவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

அயோடின் நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை, ஆனால் கடற்பாசி மாத்திரைகளில் அது அளவுக்கு மீறி இருக்கலாம். நீங்கள் எடுக்கும் இரும்பு மாத்திரையால் பாலில் இரும்பின் அளவு அதிகமாகாது, அது உங்கள் ரத்தத்துக்காக. (அந்த டப்பாவைப் பெரிய பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சிறு குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.)

பால் அதிகம் சுரக்க மாத்திரை, மூலிகை?

முதலில் பிள்ளை சரியாக வாய் வைத்துக் குடிக்கிறதா, அடிக்கடி குடிக்கிறதா என்று பாருங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். அதைச் சரிசெய்யாமல் எந்த மாத்திரையும் பெரிதாக உதவாது. டோம்பெரிடோன் சிலருக்குப் பாலைக் கூட்டும், ஆனால் இதயத் துடிப்பைக் குழப்பும் ஆபத்து இருப்பதால் எஃப்டிஏ 2004-இலேயே எச்சரித்தது. இதய நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. மெட்டோகுளோபிரமைடு மனச்சோர்வைக் கொண்டுவரலாம். வெந்தய மாத்திரைக்கு ஆதாரம் குறைவு. அது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கலாம், வார்ஃபரினோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.

மூலிகைதானே என்று எதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். பாலில் வருவது எவ்வளவு என்று பெரும்பாலான மூலிகைகளுக்கு யாரும் அளக்கவே இல்லை. உலோகம் கலந்த கலவைகளில் ஈயம் இருந்தால் அது பாலுக்கும் வரும். எடை குறைக்கும் பொடிகள், கேப்சூல்களில் பெட்டியில் எழுதாத மருந்துகள் கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. அவற்றைத் தொடவே வேண்டாம்.

மருந்து எடுக்கும்போது பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும்?

வழக்கத்துக்கு மீறிய தூக்கம், பால் குடிக்க எழாமல் இருப்பது, துவண்டுபோவது, காரணமில்லாத எரிச்சல், எடை ஏறாமல் இருப்பது, தோலில் தடிப்பு. மூச்சு மெதுவாகவோ திணறலாகவோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குறுகிய நேரமே உடம்பில் தங்கும் மருந்தென்றால், பால் கொடுத்து முடித்ததும் எடுக்கலாம். பிள்ளை நீண்ட நேரம் தூங்கப்போகும் முன் எடுப்பது இன்னும் வசதி.

மருந்து எடுப்பதால் பால் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரமாகப் பாலை நிறுத்திவிட்டேன். மறுபடி தொடங்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பிள்ளையை மார்பில் வெற்றுடம்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, இரவில் ஒரு முறையாவது, வாய் வைக்க விடுங்கள். குடிக்க மறுத்தால் அதே அளவு முறை கையாலோ பம்பாலோ பீய்ச்சுங்கள். முதல் நாள்களில் சில துளிதான் வரும். அதற்குள், கொடுத்துக்கொண்டிருந்த மாற்றுப் பாலைத் திடீரென்று குறைக்காமல், சுரப்பு கூடக் கூட மெதுவாகக் குறையுங்கள். பிள்ளையின் எடையை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.